ஓட்டோ ஸ்ட்ராசர்: ஹிட்லரை முறித்துக்கொண்டு போன நாஜியால் ஏன் கட்சியை உடைக்க முடியவில்லை?

கேள்வி இதுதான்: "நாஜிக் கட்சிக்குள் ஓர் இடதுசாரி அணி இருந்தது என்றும், அதன் தலைவர் ஓட்டோ ஸ்ட்ராசர் 1930-ல் ஹிட்லரை எதிர்த்து வெளியேறினார் என்றும் படித்தேன். அவர் நிஜமாகவே சோஷலிஸ்டா? அவ்வளவு பெரிய பிளவு என்றால் கட்சி ஏன் உடையவில்லை? ஹிட்லருக்குப் பதில் அவர் வந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா?"

முதலில் ஆட்களைப் பிரித்துக்கொள்வோம். பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஸ்ட்ராசர் என்ற பெயரில் அண்ணன், தம்பி இரண்டு பேர் கட்சியில் இருந்தார்கள். அண்ணன் கிரேகர் 1892-ல் பிறந்தவர். பவேரியாவில் லாண்ட்ஸ்ஹூட் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தார். பிற்பாடு எஸ்.எஸ். படையின் தலைவரான ஹைன்ரிக் ஹிம்லர், 1924, 25 வாக்கில் இவரிடம் செயலாளராக வேலை பார்த்தவர். தம்பி ஓட்டோ 1897 செப்டம்பர் 10 அன்று விண்ட்ஸ்ஹைமில் பிறந்தார். அண்ணன் அமைப்பாளர்: ஊர் ஊராகப் போய்க் கிளை திறப்பது, ஆள் நியமிப்பது, சண்டை தீர்ப்பது அவர் வேலை. தம்பி எழுதுகிறவர். 1930 ஜூலையில் வெளியேறியவர் தம்பி மட்டும்தான். அண்ணன் அப்போது ஹிட்லரோடு நின்றுகொண்டார். 1932 டிசம்பர் 8-ல் எல்லாப் பொறுப்புகளையும் விட்டு விலகியவர் அண்ணன். 1934 ஜூன் 30 அன்று பெர்லினில் கெஸ்டாபோ என்ற ரகசியப் போலீஸின் தலைமையகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவரும் அண்ணன்தான். தம்பி 1974 வரை உயிரோடு இருந்தார். இருவருடைய கதையையும் ஒன்றாகக் கலந்து, "ஸ்ட்ராசர் பிரிந்து போனார், அதனால் கொல்லப்பட்டார்" என்று எழுதுவது பெரிய பிழை.

ஓட்டோவின் பாதை நேர்க்கோடு அல்ல. 1914-ல் தானாக முன்வந்து படையில் சேர்ந்தார். பீரங்கிப் படையில் லெப்டினன்டாகப் போர் முடிந்தது. 1919-ல் ஜெனரல் எப் நடத்திய தன்னார்வப் படையில் இருந்தபடி மியூனிக்கில் இடதுசாரிகள் அமைத்த சோவியத் அரசை ஒடுக்கப் போனார். மறு வருஷமே பெர்லினில் சமூக ஜனநாயகக் கட்சியில் இருந்தார். 1920 மார்ச்சில் வலதுசாரிகள் நடத்திய காப் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிக்கு எதிராக ஆயுதமேந்திய தொழிலாளர் குழுக்களுக்குத் தலைமை தாங்கினார். கவிழ்ப்பு முறிந்ததும், ரூர் பகுதியில் எழுந்த தொழிலாளர்களை அதே சமூக ஜனநாயகவாதிகள் இருந்த அரசு படையை அனுப்பி அடக்கியது. அந்தக் கசப்பில் கட்சியை விட்டார். 1921-ல் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அண்ணன் கூப்பிட்டு நாஜிக் கட்சிக்குள் வந்தது 1925-ல். அதாவது ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்க முயன்று சிறை போன 1923 மியூனிக் கலவரத்தில் அவருக்குப் பங்கு இல்லை. ஹிட்லரோடு சிறையிலோ பீர்க்கூடத்திலோ வளர்ந்த பழைய பாசமும் இல்லை. பிற்பாடு அவரால் அவ்வளவு சுலபமாக முறித்துக்கொள்ள முடிந்ததற்கும், முறித்தபோது பழைய தொண்டர் யாரும் பின்னால் வராததற்கும் இது ஒரு காரணம்.

1925 பிப்ரவரியில் ஹிட்லர் கட்சியை மறுபடி தொடங்கியபோது வட ஜெர்மனியைக் கிரேகரிடம் விட்டார். அங்கே கட்சி சேர்க்க வேண்டியது ஆலைத் தொழிலாளர்களிடமும் நகரத்து ஏழைகளிடமும். பவேரியாவின் யூத வெறுப்புப் பேச்சு மட்டும் அங்கே போதவில்லை. கூலி, வேலை, சொத்து பற்றியும் பேச வேண்டியிருந்தது. 1925 செப்டம்பரில் ஹாகன் நகரில் வடக்கு, மேற்கு மாவட்டத் தலைவர்கள் சேர்ந்து ஒரு கூட்டுக்குழு அமைத்தார்கள். அதன் காரியங்களைப் பார்த்துக்கொண்டவர், பிற்பாடு ஹிட்லரின் பிரசார அமைச்சரான இளம் கோயபல்ஸ். கொள்கை இதழின் ஆசிரியரும் அவரே. இவர்கள் கட்சியின் 1920-ஆம் ஆண்டு 25 அம்சத் திட்டத்துக்கு ஒரு விரிவான வரைவு எழுதினார்கள். பெரிய, நாட்டுக்கு இன்றியமையாத ஆலைகளின் பங்குகளில் 51 சதவீதம் பொதுவுக்குப் போக வேண்டும், பெரும் பண்ணைகளைத் துண்டுபோட்டுக் குடியானவர்களிடம் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அதே நேரத்தில் வெளியே ஒரு பெரிய வாதம் ஓடிக்கொண்டிருந்தது. 1918-ல் முடியிழந்த மன்னர் குடும்பங்களின் சொத்தை ஈடு கொடுக்காமல் பறிமுதல் செய்யலாமா என்று கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகவாதிகளும் பொதுவாக்கெடுப்புக் கோரினார்கள். ஸ்ட்ராசர் கூட்டம் 1926 ஜனவரியில் ஹனோவரில் கூடி அந்தக் கோரிக்கையை ஆதரித்தது. ஹிட்லருக்கு இது சங்கடம். அவர் பணக்கார ஆதரவாளர்களைத் தேடிக்கொண்டிருந்தார். அவர்களில் பழைய அரச குடும்பத்தாரும் உண்டு.

அவர் செய்த வேலையைக் கவனிக்க வேண்டும். 1926 பிப்ரவரி 14, ஞாயிற்றுக்கிழமை, பாம்பெர்க் நகரில் தலைவர்கள் கூட்டம் கூட்டினார். பாம்பெர்க் தெற்கே, அவருடைய ஆட்கள் நிறைந்த பிராங்கோனியாவில் இருக்கிறது. வடக்கிலிருந்து ரயில் செலவு போட்டு வரக்கூடியவர்கள் சிலரே. மண்டபத்தில் உள்ளூர்க்காரர்களின் எண்ணிக்கைதான் தூக்கலாக இருந்தது. விவாதம் என்று எதுவும் நடக்கவில்லை. ஹிட்லர் மணிக்கணக்கில் பேசினார்: 25 அம்சத் திட்டம் மாற்ற முடியாதது, மன்னர் சொத்துப் பறிமுதல் ஒரு மோசடி, ரஷ்யாவோடு உறவு கிடையாது, இத்தாலியும் இங்கிலாந்தும்தான் கூட்டாளிகள். கிரேகர் எழுந்து நாலு வார்த்தை தடுமாறிச் சொல்லி உட்கார்ந்தார். மார்ச் தொடக்கத்தில் அவரே எல்லோருக்கும் கடிதம் போட்டு, வரைவுத் திட்டத்தின் படிகளைத் திருப்பி அனுப்பச் சொன்னார். கொள்கைப் போராட்டம் என்று பெயர் சொல்லத்தக்க ஒன்று கட்சிக்குள் அங்கேயே முடிந்துவிட்டது. அந்தக் கடிதத்துக்கும் ஓட்டோ வெளியேறுவதற்கும் இடையே நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன என்பதை மனதில் வையுங்கள்.

இங்கே மூல ஆதாரங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். பாம்பெர்க் கூட்டத்தில் கோயபல்ஸ் எழுந்து, எல்லோர் முன்னிலையிலும் ஸ்ட்ராசர்களைக் கைவிட்டு ஹிட்லர் பக்கம் தாவினார் என்று ஒரு கதை பல புத்தகங்களில் வரும். அது ஓட்டோ சொன்ன கதை. ஓட்டோ பாம்பெர்க்கில் இல்லவே இல்லை. கோயபல்ஸின் நாட்குறிப்பு பிற்பாடு கிடைத்தது. அதில் அன்றைய பதிவு, ஹிட்லர் பேச்சைக் கேட்டு நொறுங்கிப்போய் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவனின் பதிவு. அவர் மனம் மாறியது ஏப்ரலில், ஹிட்லர் மியூனிக்குக்கு வரவழைத்து, கார் அனுப்பி, மேடை கொடுத்து, தோளில் கை போட்ட பிறகு. ஓட்டோவின் நினைவுக்குறிப்புகள் விறுவிறுப்பானவை. 1940-களில் பல மொழிகளில் விற்றவை. வேறு சாட்சி இல்லாத இடங்களில் அவற்றை அப்படியே நம்பி எழுதியவர்கள் பலர் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். தேதியும் இடமும் வேறு காகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவரை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாம்பெர்க்குக்குப் பிறகு சகோதரர்களிடம் மிஞ்சியது அச்சகமும் பத்திரிகைகளும். 1926 மார்ச்சில் பெர்லினில் காம்ப்ஃப் பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். கிரேகர், ஓட்டோ, ஹான்ஸ் ஹிங்கல் ஆகியோர் பங்காளிகள். பெர்லின் தொழிலாளர்களுக்கு ஒரு வார இதழ், சாக்சனிக்கு ஒன்று என்று வட்டாரப் பதிப்புகள் வந்தன. கட்சியின் அதிகாரபூர்வப் பதிப்பகம் மியூனிக்கில் மாக்ஸ் அமான் கையில் இருந்தது, இது தனியாருடையது. அதே 1926 நவம்பரில் கோயபல்ஸ் பெர்லின் மாவட்டத் தலைவராக வந்து, 1927 ஜூலையில் 'டேர் ஆங்கிரிஃப்' என்ற சொந்த இதழைத் தொடங்கினார். ஒரே நகரம், ஒரே கட்சி, ஒரே வாசகர், இரண்டு பத்திரிகை. சண்டையின் பெரும்பகுதி கொள்கையைவிடச் சந்தாவைப் பற்றியது. 1930 மார்ச்சில் ஸ்ட்ராசர்கள் தினசரி தொடங்கியபோது கோயபல்ஸ் கொதித்துப்போனார். ஆங்கிரிஃப் அப்போது தினசரி ஆகியிருக்கவில்லை. ஓட்டோவை ஒழித்தே ஆக வேண்டும் என்று அவர் ஹிட்லரை நச்சரித்ததற்கு இதுவே முதல் காரணம்.

இதற்கு நடுவில் ஹிட்லர் திட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு வந்தார். மாற்றவே முடியாது என்று பாம்பெர்க்கில் சொன்ன 25 அம்சங்களில் 17-ஆவது, பொது நலனுக்காக ஈடின்றி நிலம் எடுக்கலாம் என்கிறது. 1928 ஏப்ரல் 13 அன்று அதற்கு ஒரு விளக்கம் வெளியிட்டார்: கட்சி தனிச்சொத்தை ஏற்கிறது, அந்த அம்சம் யூத நிலவணிகக் கம்பெனிகளுக்கு மட்டுமே பொருந்தும். கட்சியில் 'சோஷலிசம்' என்ற சொல் என்ன கதியானது என்பதற்கு இந்த விளக்கத்தை விடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை. சொத்துள்ளவர் மீது இருந்த கோபம் முழுவதையும் யூதர் மீது திருப்பிவிட்டார்.

1930 ஏப்ரலில் சாக்சனியில் உலோக ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஓட்டோவின் பத்திரிகைகள் முழு ஆதரவு கொடுத்தன. ஆலை முதலாளிகள் சங்கம் நாஜித் தலைமையை நெருக்கியது. கட்சிக்காரர் யாரும் வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஓட்டோவின் இதழ்கள் அடங்கவில்லை. மே 21-ம் தேதி ஹிட்லர் பெர்லினில் தான் தங்கியிருந்த சான்சூசி விடுதிக்கு ஓட்டோவை வரவழைத்தார். அன்றும் மறுநாளும் பேச்சு நீண்டது. ஓட்டோ குறிப்பெடுத்து, சில வாரங்களிலேயே சிறு பிரசுரமாக அச்சிட்டார். தலைப்பு, 'மந்திரி நாற்காலியா, புரட்சியா?' சொன்னவர் ஒரு தரப்பு என்பது உண்மை. ஆனால் உடனே அச்சில் வந்தது, உடனிருந்தவர்கள் வேறு சிலரும் உண்டு, ஹிட்லர் வேறு இடங்களில் பேசியதோடு பொருந்தவும் செய்கிறது. அதனால் வரலாற்றாசிரியர்கள் இதன் சாரத்தைப் பொதுவாக ஏற்கிறார்கள்.

முதல் மோதல் தலைவரா, கொள்கையா என்பதில். தலைவர் வருவார், போவார்; கொள்கைதான் நிலையானது, தலைவர் அதிலிருந்து விலகினால் தொண்டன் கொள்கையின் பக்கம் நிற்க வேண்டும் என்றார் ஓட்டோ. ஹிட்லருக்கு அது சுத்தப் பிதற்றல். நம்மிடம் தலைவரும் கொள்கையும் ஒன்று, தலைவர் சொல்வதைச் செய்வதே ஒவ்வொருவர் கடமை என்றார்.

இரண்டாம் நாள் ஓட்டோ நேராகக் கேட்டார்: நாளைக்கே நீங்கள் ஆட்சிக்கு வந்தால், மறுநாள் க்ருப் என்ற பெரிய எஃகு, ஆயுத ஆலையை என்ன செய்வீர்கள்? பங்குதாரர், தொழிலாளி, சொத்து, லாபம், நிர்வாகம் எல்லாம் அப்படியே இருக்குமா? அப்படியேதான் இருக்கும், பொருளாதாரத்தைக் குலைக்க எனக்கென்ன பைத்தியமா என்றார் ஹிட்லர். நாட்டு நலனுக்கு விரோதமாக நடந்தால் மட்டும் அரசு தலையிடுமாம். அதற்கு ஓட்டோ வைத்த மாற்று, அவருடைய குறிப்பின்படி, 49 சதவீதம் உரிமையாளருக்கு, 41 அரசுக்கு, 10 தொழிலாளருக்கு. இதைச் சோஷலிசம் என்று அந்தக் காலத்துச் சமூக ஜனநாயகவாதிகூட ஏற்றிருக்க மாட்டார். ஆனால் ஹிட்லருக்கு இது மார்க்சியம்.

இன்னொரு விஷயத்தைத் தமிழ் வாசகருக்குச் சொல்லாமல் விடக் கூடாது. அந்த இரண்டு நாள் பேச்சில் இந்தியாவும் வந்தது. காந்தி தண்டியில் உப்பெடுத்து, ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பெடுத்துச் சிறை போயிருந்த வசந்தம் அது. ஓட்டோவின் இதழ்கள் இந்தியப் போராட்டத்தை ஆதரித்து எழுதின. ஹிட்லருக்கு இது பிடிக்கவில்லை. நார்டிக் இனமான ஆங்கிலேயருக்கு எதிராகத் தாழ்ந்த இனம் செய்யும் கலகம் என்பது அவர் பார்வை. இந்தியா இங்கிலாந்தின் கையிலேயே இருக்கட்டும் என்று தன் சுயசரிதையிலும் அவர் எழுதியிருக்கிறார். ஓட்டோவின் ஆதரவை நாம் மிகைப்படுத்தவும் வேண்டாம். முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் ஒப்பந்தத்தால் நசுங்கிய ஜெர்மனியும் ஒரு காலனிதான், ஆகவே ஒடுக்கப்பட்ட நாடுகள் எல்லாம் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் எதிராக ஓரணி என்பது அவர் கணக்கு.

பேச்சு முறிந்த பிறகும் ஹிட்லர் ஓட்டோவை உடனே நீக்கவில்லை. ஐந்து வாரம் காத்திருந்தார். காரணம், ஜூன் 22-ல் சாக்சனி மாநிலத் தேர்தல். வேலைநிறுத்தம் நடந்த அதே மாநிலத்தில் தொழிலாளர் ஓட்டை வைத்துக்கொண்டு "சோஷலிஸ்டுகளை நீக்கினோம்" என்று அறிவிக்க முடியாது. தேர்தலில் கட்சிக்கு 14 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது. ஜூன் 30 அன்று கோயபல்ஸுக்குக் கடிதம் போனது: பெர்லின் கட்சியைத் தயவு தாட்சண்யமின்றிச் சுத்தம் செய். ஜூலை 4-ம் தேதி ஓட்டோவின் பத்திரிகையில் "சோஷலிஸ்டுகள் நாஜிக் கட்சியை விட்டு வெளியேறுகிறார்கள்" என்ற அறிக்கை வந்தது.

வெளியேறியவர்கள் சில நூறு பேர். இலட்சக்கணக்கில் உறுப்பினர் இருந்த கட்சியில் சில நூறு. ஏன் இவ்வளவு குறைவு என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஓட்டோ எதிர்பார்த்தது மாவட்டத் தலைவர்களை. அவர்களில் பலர் 1925-ல் இதே சோஷலிச வரைவுக்குக் கை தூக்கியவர்கள். ஆனால் 1930 ஜூலையில் அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு அலுவலகத்தின் தலைவர். ஜூலை 18-ல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதும் வேட்பாளர் பட்டியலில் இடம் எதிர்பார்த்தவர்கள். பட்டியலைத் தயாரிப்பது மியூனிக் தலைமையகம். செப்டம்பர் 14 தேர்தலில் கட்சி 12 இடத்திலிருந்து 107 இடத்துக்குத் தாவியது. வெளியேறிப் பத்து வாரம்தான் ஆகியிருந்தது. கப்பல் மூழ்கப்போகிறது என்று சொல்லிக் குதித்தவர் கண்ணெதிரே கப்பல் துறைமுகத்தில் போய் நின்றது.

அடுத்தது அண்ணன். கிரேகர் வந்திருந்தால் வடக்கே பாதி அமைப்பு ஆட்டம் கண்டிருக்கும். அவர் அதே ஜூன் 30-ல் பதிப்பகப் பொறுப்பை விட்டுவிட்டு, தம்பி செய்தது தவறு என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். கட்சியை உள்ளிருந்துதான் திருப்ப முடியும் என்பது அவர் நம்பிக்கை. ஹிங்கலும் போகவில்லை. மூன்று பங்காளிகளில் இருவர் அந்தப் பக்கம். பத்திரிகைகளின் வாசகர் எல்லாரும் கட்சிக்காரர். விற்றவர்கள் கட்சிக் கிளைகள். கிளைகளுக்கு வாங்காதே, விற்காதே என்று தடை வந்ததும் காசு வரும் வழி அடைந்தது. 1930 அக்டோபர் 1-ம் தேதி காம்ப்ஃப் பதிப்பகம் கதவை மூடியது. ஆயுதம் என்று ஓட்டோ நம்பியிருந்தது எதிரியின் கிடங்கிலிருந்து தோட்டா வாங்கிக்கொண்டிருந்த துப்பாக்கி.

மூன்றாவது, தொண்டர்கள் எதனால் ஒட்டியிருந்தார்கள் என்பது. ஹிட்லர் விடுதியில் சொன்னது ஆணவப் பேச்சு மட்டும் அல்ல. கட்சியின் இயக்கமுறையை உள்ளபடி சொன்னார். அங்கே மாநாட்டில் ஓட்டெடுத்து முடிவு செய்யும் வழக்கம் இல்லை, தலைமையை மாற்ற விதி இல்லை, கொள்கையை வாதிட மேடை இல்லை. அப்படிப்பட்ட அமைப்பில் கொள்கையைக் காட்டிப் பிளவு உண்டாக்க எந்தக் கைப்பிடியும் கிடையாது. சமூக ஜனநாயகக் கட்சி 1917-ல் பிளந்தபோது மாநாடுகளும் தீர்மானங்களும் பிளந்தன. இங்கே பிளக்க ஒன்றுமில்லை. ஆளோடு நிற்கலாம், அல்லது வெளியே போகலாம்.

சந்தர்ப்பம் ஒன்று மறுபடி வந்தது. எஸ்.ஏ. என்ற பழுப்புச் சட்டைப் படையின் கிழக்குப் பகுதித் தலைவர் வால்டர் ஸ்டென்னஸ் 1930 ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறை, 1931 ஏப்ரல் 1 அன்று மறுமுறை கலகம் செய்தார். அவர் ஆட்கள் பெர்லின் கட்சி அலுவலகத்தையே பிடித்தார்கள். முதல் தடவை ஹிட்லர் ஓடிவந்து, பியர்க்கடை பியர்க்கடையாகப் போய்ப் படையினரைக் கெஞ்சி, கொஞ்சி, படையின் உச்சத் தலைமையைத் தானே ஏற்றுக்கொண்டு, பொலிவியாவில் இருந்த பழைய படைத் தலைவர் எர்ன்ஸ்ட் ரோமைத் திரும்ப அழைத்தார். இரண்டாம் தடவை போலீஸ் வந்து ஸ்டென்னஸின் ஆட்களை வெளியேற்றியது. ஸ்டென்னஸ் பிறகு ஓட்டோவோடு சேர்ந்தார். காகிதத்தில் அற்புதமான கூட்டணி: ஒருவரிடம் கொள்கை, ஒருவரிடம் படை. சில மாதங்களில் சிதறியது. படையினரின் குறை சம்பளம், பதவி, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கச் சொன்ன உத்தரவு ஆகியவை பற்றியது. க்ருப் ஆலையின் பங்கு யாருக்கு என்பது அவர்கள் கவலையே அல்ல. வேலையில்லாத ஒரு படைக்காரனுக்குக் கட்சி விடுதியில் சூடான சாப்பாடும் படுக்கையும் கிடைத்தது. ஓட்டோவால் அதைக் கொடுக்க முடியவில்லை. ஸ்டென்னஸ் 1933-ல் சீனாவுக்குப் போய் அந்நாட்டுத் தலைவர் சியாங் கை-ஷேக்கிடம் வேலைக்கு அமர்ந்தார்.

மறுபக்கம், 'சோஷலிசம்' என்ற சொல்லை உண்மையாகவே நம்பியவர்கள் ஓட்டோவிடம் தங்கவில்லை. ராணுவத்தில் நாஜிப் பிரசாரம் செய்ததற்காகச் சிறைப்பட்ட லெப்டினன்ட் ரிச்சர்ட் ஷெரிங்கர் 1931 மார்ச்சில் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனார். பத்திரிகையாளர் போடோ ஊசேயும் போனார். கம்யூனிஸ்டுகள் 1930 ஆகஸ்டிலேயே தேசிய விடுதலை பேசும் அறிக்கை ஒன்றை வெளியிட்டு இந்த இடத்தைக் குறிவைத்திருந்தார்கள். ஓட்டோ 1931 இலையுதிர்காலத்தில் 'கறுப்பு முன்னணி' அமைத்தார். குறுக்காக வைத்த சுத்தியலும் வாளும் அதன் சின்னம். உழவர் கிளர்ச்சிக்காரர், பழைய தன்னார்வப் படையினர், இளைஞர் சங்கத்தார் என்று பல சிறு குழுக்கள் ஒட்டிக்கொண்டன. சில ஆயிரம் பேர். 1933 பிப்ரவரியில் தடை விழுந்தது. மே மாதம் ஓட்டோ ஆஸ்திரியாவுக்குத் தப்பினார், அங்கிருந்து பிராக்.

இனி, அவர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி. அவர் எழுதி வைத்த திட்டத்தையே எடுத்துப் பார்க்கலாம். நிலமும் ஆலையும் நாட்டின் உடைமை. தனியாருக்கு அவை 'பரம்பரை மானியமாக' வழங்கப்படும், இடைக்காலத்து மன்னர் மானியம் கொடுத்த மாதிரி. வெளிநாட்டு வணிகம் அரசின் ஏகபோகம், தங்க நாணய முறை ஒழிப்பு, தன்னிறைவு. பெருநகரங்களைக் கலைத்து மக்களை நாட்டுப்புறத்துக்கு அனுப்புவது. கட்சிகள் இருக்காது, தொழில்வாரியான அவைகள் இருக்கும். தொழிலாளிக்குத் தன் சங்கமும் தன் கட்சியும் பறிபோகும். பதிலுக்கு ஆலையில் பத்து சதவீதம் கிடைக்கும். ஆலைத் தொழிலாளர் இதைத் தொடாததில் வியப்பில்லை.

யூதர் விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. 1929-ல் அவர் வட்டம் வெளியிட்ட 'ஜெர்மன் புரட்சியின் 14 கருத்துகள்', ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சங்கத்தாரோடும் ரோமச் சபையின் அதிகாரத்தோடும் சேர்ந்து ஜெர்மன் ஆன்மாவை அழிப்பது யூதர்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. நாடு கடந்த பிறகு கொஞ்சம் மென்மைப்படுத்தினார்: அந்நியராக இருக்கலாம், தேசியச் சிறுபான்மையாக இருக்கலாம், அல்லது முழுக்கக் கரைந்துவிடலாம் என்று மூன்று வழி. கொலைத் திட்டம் அதில் இல்லை. குடியுரிமையில் சமத்துவமும் இல்லை. 1980-களிலிருந்து பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் புது நாஜிக் குழுக்கள் சில, ஹிட்லரின் இரத்தக்கறை இல்லாத நாஜியாக ஓட்டோவைத் தூக்கிப் பிடிக்கின்றன. அவர்கள் அந்த 14 கருத்துகளில் பாதியைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

1932 டிசம்பர் பற்றி இரண்டு வரி. நவம்பர் தேர்தலில் கட்சி 230 இடத்திலிருந்து 196-க்கு இறங்கியது, கஜானா காலி. புதிய பிரதமர் ஷ்லைகர் கிரேகருக்குத் துணைப் பிரதமர் பதவி கொடுக்க முன்வந்தார். கிடைத்ததை வாங்கிக்கொள்வோம் என்றார் கிரேகர், முழு அதிகாரம் இல்லையேல் எதுவும் வேண்டாம் என்றார் ஹிட்லர். கிரேகர் யாரையும் திரட்டாமல் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு இத்தாலிப் பக்கம் ஓய்வெடுக்கப் போய்விட்டார். இதை இடதுசாரிக் கிளர்ச்சி என்று பின்னாளில் வர்ணித்தவர் தம்பிதான்.

நாடு கடந்த வாழ்க்கையில் ஓட்டோ காட்டிய துணிச்சலை மறுக்க முடியாது. பிராக் நகருக்குத் தெற்கே ஸாஹோரி என்ற இடத்தில் ஒரு விடுதியின் மாடியில், ஸ்டுட்கார்ட் வானொலிப் பொறியாளர் ருடோல்ஃப் ஃபார்மிஸ் தானே கட்டிய சிற்றலை ஒலிபரப்பியை வைத்து ஜெர்மனிக்குள் ஹிட்லர் எதிர்ப்புப் பேச்சுகளை அனுப்பினார். 1935 ஜனவரி 23 இரவு, எஸ்.எஸ். உளவுப் பிரிவின் ஆல்ஃபிரட் நவ்யாக்ஸ் தலைமையில் வந்தவர்கள் ஃபார்மிஸைச் சுட்டுக் கொன்று கருவிக்குத் தீ வைத்தார்கள். நாலரை ஆண்டு கழித்து, போலந்துப் போருக்குச் சாக்காகக் கிளைவிட்ஸ் வானொலி நிலையத்தில் போலித் தாக்குதல் நடத்தியவரும் இதே நவ்யாக்ஸ். 1939 நவம்பர் 8 அன்று ஹிட்லரைக் குறிவைத்த மியூனிக் குண்டுவெடிப்பை கியோர்க் எல்சர் என்ற தச்சர் தன்னந்தனியாகச் செய்திருந்தும், நாஜிப் பிரசாரம் ஓட்டோவையும் பிரிட்டிஷ் உளவுத்துறையையும் குற்றவாளி ஆக்கியது. சுவிட்சர்லாந்திலிருந்து பிரான்ஸ், போர்ச்சுகல், பெர்முடா வழியாக 1941-ல் கனடா போய்ச் சேர்ந்தார். அங்கே அவரை ஹிட்லருக்கு மாற்றாக வளர்க்கும் எண்ணம் சீக்கிரமே கைவிடப்பட்டது. எழுதவும் பேசவும் தடை விதித்தார்கள். குடியுரிமைக்கு வழக்காடி 1955-ல் ஜெர்மனி திரும்பி, மறு வருஷம் ஒரு கட்சி தொடங்கினார். யாரும் ஓட்டுப் போடவில்லை. 1974 ஆகஸ்ட் 27 அன்று மியூனிக்கில் இறந்தார்.

ஓட்டோவைப் பற்றிய நூல்களில் அடிக்குறிப்பாக மட்டும் வரும் ஒரு பெயரையும் சொல்ல வேண்டும்: ஹெல்முட் ஹிர்ஷ். ஸ்டுட்கார்ட்டில் 1916-ல் பிறந்த யூத இளைஞர். யூதர் என்பதால் ஜெர்மனியில் படிக்க முடியாமல் பிராக் போய்க் கட்டடக்கலை படித்தார். அங்கே கறுப்பு முன்னணி வட்டத்தில் சேர்ந்தார். நூரன்பெர்க்கில் குண்டு வைக்கும் வேலை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வெடிபொருளை வேறொருவர் கொண்டுவந்து கொடுப்பார் என்று ஏற்பாடு. 1936 டிசம்பரில் ரயிலேறினார். நூரன்பெர்க்குக்குப் போகாமல், ஒரு நண்பரைப் பார்க்க ஸ்டுட்கார்ட்டில் இறங்கி விடுதியில் அறை எடுத்தார். அங்கேயே கெஸ்டாபோ பிடித்தது. கையில் வெடிபொருள் எதுவும் இல்லை. அமெரிக்கக் குடியுரிமை உண்டு என்று தெரியவந்து அமெரிக்கத் தூதர் கருணை கேட்டும் பயனில்லை. 1937 ஜூன் 4 காலையில், பெர்லின் ப்ளோட்ஸென்சே சிறையில் அவர் தலை வெட்டப்பட்டது. வயது 21. அவரை அனுப்பிய இயக்கத்தின் 14 கருத்துகளின்படி, அவர் ஜெர்மன் ஆன்மாவின் எதிரி.